ஜொய்சியின் தாளில் ஓடிய படகுகள்

ஜொய்சியால் ஓரிடத்தில் இருக்க முடியாது. உடுவிலில், அமெரிக்க மிசன் காலத்திலிருந்து வேதமும் இங்கிலீசும் படித்த ஒரு குடும்பத்தில் பிறந்தவள். ஞாயிறு ஆராதனையில் போதகர் பிரசங்கத்தை முடிக்க முன்னமே வாங்கிலிருந்து எழும்பி, கடைசி வரிசையில் பாட்டுப் புத்தகங்களை அடுக்கத் தொடங்கிவிடுவாள். காலில் சில்லுப் பூட்டிப் பிறந்த பிள்ளை என்று தாய் ஐரிஸ் சொல்லுவாள். தகப்பன் நோர்மன் அப்படிச் சிரித்துச் சொல்லுகிற ஆள் அல்ல. இரு என்றால் இருக்க வேண்டும் என்பார். அவள் இருப்பாள், மேசைக்குக் கீழே கால் ஆடிக்கொண்டிருக்கும்.

படித்து முடித்ததும் கொழும்பில் ஒரு சின்னக் கம்பனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. தொழிற்சாலைகளில் தராசுக்கு ஒரு புரோகிராம் இருக்கும், குளிர் அறைக்கு ஒன்று, பெட்டி எண்ணுகிற மெசினுக்கு இன்னொன்று. ஒவ்வொன்றும் தன்பாட்டில் ஒரு கணினியில் ஓடிக்கொண்டிருக்கும். மனேஜர்மாருக்கோ எக்ஸெல் தாளைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. அந்தப் புரோகிராம்கள் அறிகிறதையெல்லாம், மனேஜர் திறந்து வைத்திருக்கும் தாளிலேயே, ஒருவரும் கை வைக்காமல் போய் விழச் செய்வதுதான் ஜொய்சியின் வேலை. அந்த வேலை அவளுக்குப் பொருந்தியது. நாளுக்கு ஒரு தொழிற்சாலை, நாளுக்கு ஒரு சிக்கல்.

அதை விட்டுவிட்டு அவள் யாழ்ப்பாணம் திரும்பியது கிறகோரிக்காக. உயர்தரம் படிக்கிற காலத்தில் நல்லூரில் ஒரு கணித ரியூசனில் இருவரும் ஒன்றாக இருந்தவர்கள். அவன் குருநகர்ப் பெடியன், கடைசி வாங்கு. பரீட்சைக்குச் சில மாதம் இருக்கும்போது தகப்பன் போய்ச் சேர, புத்தகத்தை மூடிவிட்டு மீன்பிடிப் படகில் ஏறியவன். பிறகு எட்டு ஒன்பது வருசம் ரெலிபோனிலேயே கதைத்துக் கதைத்துக் கடைசியில் கலியாணம் என்று நின்றார்கள். கடற்கரையில் போய் இருக்கவோ உன்னைப் படிப்பித்தேன் என்று நோர்மன் ஒரே ஒருமுறை கேட்டார். அதற்குப் பிறகு அவளோடு கதைப்பதையே விட்டுவிட்டார். குருநகர்க் கத்தோலிக்கக் கோவிலில் நடந்த கலியாணத்துக்கு ஐரிஸ் மட்டும் ஒட்டோ பிடித்து வந்து, பூசை முடிந்த கையோடு திரும்பிப் போனாள்.

கலியாணத்துக்குப் பிறகுதான் ஜொய்சிக்குத் தன் கால்கள் எவ்வளவு பொல்லாதவை என்று விளங்கியது. கிறகோரி விடியப்புறம் கடலுக்குப் போனால் மத்தியானம் தாண்டித்தான் வருவான். அயலில் உள்ள பெண்கள் அதுவரைக்கும் முற்றம் கூட்டுவார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவார்கள், கறி வைப்பார்கள். கடலுக்குப் போனவனை மனதில் ஒரு மூலையில் வைத்துக்கொண்டு கையை வேலையில் வைத்திருப்பது ஒரு பழக்கம். அது சின்ன வயதிலேயே வரவேண்டும். ஜொய்சிக்கு வரவில்லை. அடுப்பில் உலையை வைத்துவிட்டு இறங்குதுறைக்கு நடப்பாள், கடலைப் பார்ப்பாள், உலை ஞாபகம் வரத் திரும்பி ஓடுவாள். இப்படி இரண்டு பானை கருகிய பிறகு, துறைக்குப் பக்கத்திலேயே ஒரு வேலை தேடிக்கொள்வது நல்லது என்று முடிவெடுத்தாள்.

துறைக்கு முன்னால் மீனவர் சங்கத்தின் கட்டடம் இருந்தது. ஒரு கூடம், ஒரு சின்ன அறை, மேலே ஒரு நீண்ட அன்ரெனா. சங்கச் செயலாளர் யாகப்பு, முன்பு தானும் கடல் தொழில் செய்து முழங்கால் போனபடியால் கதிரைக்கு வந்தவர், அவளைக் கணக்கு வழக்குப் பார்க்க எடுத்தார்.

அந்த அன்ரெனா கொஞ்ச நாளைக்கு முன்னர்தான் வந்தது. ஒரு தொண்டு நிறுவனம் படகுகளுக்கு உள்ளங்கை அளவான கருவிகளைக் கொடுத்திருந்தது. படகு எங்கே நிற்கிறது என்பதைக் கருவி சில நிமிடத்துக்கு ஒருமுறை காற்றில் அனுப்பும். அன்ரெனா அதைப் பிடிக்கும். அறையில் இருந்த கணினியில் ஒரு புரோகிராம் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆனால் அந்தப் புரோகிராம் முழுக்க இங்கிலீசில் இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு படகைத்தான் காட்டும்; அதற்கும் நீளமான ஒரு பட்டியலில் இலக்கத்தைத் தேடித் தட்ட வேண்டும். காற்று மாறினால் பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். யாகப்பு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருத்திக்காகவும் தேடித் தட்டுவார். நாலாமவளுக்குச் சொல்லி முடிக்க, முதல் வந்தவள் இப்ப எங்கே நிற்கிறார் என்று மறுபடி கேட்பாள்.

ஜொய்சி இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவளால் பொறுக்க முடியவில்லை. இது அவள் செய்து பழகிய வேலை. ஒரு தாளைத் திறந்து, ஒரு வரிக்கு ஒரு படகு என்று பெயர்களைத் தமிழில் அடித்தாள். பக்கத்தில் கரையிலிருந்து எவ்வளவு தூரம், எந்தத் தீவுக்கு எந்தப் பக்கம், கருவியிடமிருந்து கடைசியாகச் சத்தம் வந்த நேரம் என்று கட்டங்கள். பிறகு, அந்த இங்கிலீசுப் புரோகிராமிடமிருந்து செய்தியை வாங்கி, திறந்திருக்கும் தாளில் சரியான கட்டத்தில் கொண்டுபோய் எழுதுகிற ஒரு சின்ன நிரலை எழுதத் தொடங்கினாள்.

முதலில் அது சொன்னபடி கேட்கவில்லை. திறந்திருக்கும் தாளை விட்டுவிட்டு, ஒவ்வொரு செய்திக்கும் புதிதாக ஒரு வெறுந்தாளைத் திறந்துகொண்டே போனது. இதென்ன பிள்ளை, தாள் குட்டி போடுகிறது என்று யாகப்பு சொன்னார். ஏற்கெனவே திறந்திருப்பதைப் போய்ப் பிடித்துக்கொள் என்று அதற்குச் சொல்லிக் கொடுக்க ஒரு முழுப் பகல் போயிற்று. அடுத்த நாள் காலை, கையைக் கட்டிக்கொண்டு அவள் பார்த்திருக்கையில், 'மரிய றோசா' என்ற வரியில் ஓர் எண் தானாக வந்து விழுந்தது. பிறகு 'ஸ்ரெல்லா மாரிஸ்.' பிறகு கிறகோரியின் 'அந்தோனியார் துணை.' யாகப்பு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். கூடத்தில் இருந்த பெரிய ரீவியை அந்தக் கணினியோடு தொடுத்துவிட்டார்கள்.

பெண்களுக்கு இனி நிம்மதி என்றுதான் அவள் நினைத்தாள். நடந்தது வேறு. முன்பு காற்றுக்கு மட்டும் வந்தவர்கள் இப்போது வெயிலுக்கும் வந்தார்கள். கறிக்கு உப்புப் போட்டுவிட்டு ஓடிவந்து ஒருமுறை, வடித்துவிட்டு ஒருமுறை. எண் மாறினால் ஏன் மாறுகிறது என்ற கேள்வி. மாறாவிட்டால் ஏன் மாறவில்லை என்ற கேள்வி. 'மடுமாதா' படகுக்காரனின் பெண்சாதி சுபாஜினி, கலியாணமாகி ஒரு வருசம் ஆகாதவள், ரீவிக்கு முன்னால் கதிரை போட்டுத் தையலைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள்; ஒரு தையலும் போடவில்லை. தன்னுடைய வியாதியை ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தொற்றவைத்துவிட்டேனோ என்று ஜொய்சிக்குத் தோன்றியது. ஆனாலும் தாளை மூடுவோமா என்று யாகப்பு கேட்டபோது, மூடவேண்டாம் என்று முதலில் சொன்னதும் அவள்தான்.

சிக்கல் ஆண்கள் பக்கத்திலிருந்து வந்தது. கடலில் ஒவ்வொருவனுக்கும் ஓர் இடம் இருக்கும். அதைக் கூடப்பிறந்தவனுக்கும் சொல்ல மாட்டான். பாலைதீவுக்குத் தெற்கே, தண்ணீருக்கு அடியில் ஒரு கல்லுத்திட்டி இருப்பதைக் கிறகோரி இரண்டு வருசம் அலைந்து கண்டுபிடித்திருந்தான். அங்கே நண்டு நன்றாகப் படும். அவனும், அவனுடைய தங்கையின் புருசனும் அவனோடு தொழிலுக்குப் போகிறவனுமான நிருஷனும் தவிர வேறொருவருக்கும் அது தெரியாது. கூடத்தில் ரீவி வந்த பிறகு, தொழிலுக்குப் போகாத நாட்களில் ஆண்களும் வந்து பின்னால் நிற்கத் தொடங்கினார்கள். அவர்கள் பெண்களைப் போல் எங்கே எங்கே என்று கேட்கவில்லை. பேசாமல் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் கிறகோரி வீட்டுக்கு வந்து, கை கழுவாமல், வாசலில் நின்றான்.

"உமக்குத் தெரியுமே, இண்டைக்கு என்ரை இடத்திலை ஆர் ஆர் நிண்டவங்கள் எண்டு?"

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"நீர் சொல்லத் தேவையில்லை. உம்மடை ரீவி சொல்லுது."

அவன் சத்தம் போடுகிறவன் அல்ல. அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே, அந்தக் கருவியைப் பிஸ்கற் பேணி ஒன்றுக்குள் போட்டு மூடிவிடப்போவதாகச் சொன்னான். தகரத்துக்குள் இருந்தால் ஒரு சத்தமும் வெளியே வராதாம். வேறு சிலரும் அப்படித்தான் செய்கிறார்களாம். திட்டிக்குப் போகும்போது போடுவான், கரைக்குக் கிட்ட வந்ததும் எடுத்து வைப்பான். சங்கத்தில் தெரிந்தால் கருவியைத் திருப்பி வாங்கிவிடுவார்கள். ஆகையால் ஒருவரிடமும் வாய் திறக்கக்கூடாது. அவள் ஓம் என்றாள். வேறென்ன சொல்வது?

அதன் பிறகு அவளுக்கு வந்த நாட்களை என்னவென்று சொல்ல. புருசன் எங்கே நிற்கிறான் என்று அறிவதற்காகவே அந்தத் தாளை உண்டாக்கியவள், இப்போது அந்தக் கூடத்தில் புருசன் எங்கே என்று தெரியாமல் இருந்த பெண்களில் ஒருத்தி. 'அந்தோனியார் துணை' வரியில் விடியப்புறம் வந்த நேரம் அப்படியே நிற்கும். மற்ற வரிகள் மாறும். பேணிக்குள் இருக்கிறது, பேணிக்குள் இருக்கிறது என்று தனக்குச் சொல்லிக்கொள்வாள். ஆனால் பேணிக்குள் போன படகும் தண்ணிக்குள் போன படகும் அந்தத் தாளில் ஒரே மாதிரித்தான் இருக்கும். அதை நினைத்ததும் எழும்பி நடப்பாள். அறையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து துறை. பிள்ளை, தரையைத் தேய்க்காதையும் என்று யாகப்பு பகிடிக்குச் சொல்லுவார். மத்தியானத்துக்குப் பிறகு அந்த வரியில் எண் ஒன்று விழும்போதுதான் அன்றைக்குக் குடிக்காமல் வைத்த தேத்தண்ணியை எடுப்பாள்.

கார்த்திகை பிறந்து வாடைக்காற்று பலமாகத் தொடங்கியிருந்த ஒரு நாள். காலையில் கடல் அமைதியாக இருந்தபடியால் படகுகள் எல்லாம் போயிருந்தன. ஜொய்சியை யாகப்பு சங்கத்துப் பத்திரம் ஒன்றோடு மீன்பிடிக் கந்தோருக்கு அனுப்பினார். அங்கே அதிகாரி வரவில்லை. வருவார் இருங்கோ என்றார்கள். அவள் அங்குள்ள மரவாங்கில் இருந்தாள், எழும்பினாள், வாசலுக்குப் போனாள். மரங்களின் தலை வளையத் தொடங்கியதைக் கண்டதும் பத்திரத்தை அங்கிருந்த கிளாக்கரிடம் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

கூடத்துக்குள் நுழைந்தபோது அங்கே சத்தமே இல்லை. பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள், ஒருத்தியும் பதறவில்லை. ரீவியில் எல்லாப் படகும் ஒழுங்காக நின்றன. தூரமெல்லாம் கிட்டத்துத் தூரம். ஒருத்தி, பயமில்லை ஜொய்சி, எல்லாரும் மண்டைதீவுக்கு இஞ்சாலைதான் நிற்கினம் என்றாள். வெளியே காற்று கதவை அடித்துக்கொண்டிருந்தது. அந்த அமைதி ஜொய்சிக்குப் பிடிக்கவில்லை. இந்தக் காற்றில் ஓர் எண்ணாவது அசைய வேண்டாமா? நேரம் எழுதும் கட்டங்களைப் பார்த்தாள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். எல்லா வரியிலும் காலைநேரம்தான் இருந்தது. பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தது, படகுகள் துறையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது இருந்த நிலையை.

அறைக்குள் ஓடினாள். கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவளுடைய நிரலும் ஓடிக்கொண்டிருந்தது. தாளில், 'மடுமாதா' என்று இருக்கவேண்டிய கட்டத்தில், எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு மினுங்கி மினுங்கி நின்றது. பெயரை அடித்தபோது ஜொய்சி கடைசித் துணைக்காலைத் தவறவிட்டு 'மடுமாத' என்று அடித்திருந்தாள். காலையில் சுபாஜினி அதைத் திருத்த வந்து, கட்டத்தைத் தட்டி, துணைக்காலையும் போட்டிருக்கிறாள். அந்த நேரம் வீட்டிலிருந்து யாரோ கூப்பிட, என்ரர் தட்டாமல் எழும்பிப் போய்விட்டாள். ஒருவர் ஒரு கட்டத்துக்குள் எழுதிக்கொண்டிருக்கும்வரை தாள் வேறு ஒருவரிடமிருந்தும் ஒன்றும் வாங்காது. வாசலில் ஒருத்தர் நின்றால் மற்ற எல்லாரும் வெளியேதான். படகுகள் அனுப்பிய ஒவ்வொரு செய்தியையும் அவளுடைய நிரல் கொண்டுபோய் நீட்டியிருக்கிறது. தாள் திருப்பி அனுப்பியிருக்கிறது.

நிரல் ஏன் முறையிடவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். தொடக்கத்தில் தாள் ஒரு கணம் மறுத்தாலும் ரீவியில் சிவப்பாக ஓர் எச்சரிக்கை வந்து பெண்களைக் கலக்கியது. வாங்காவிட்டால் பேசாமல் விட்டுவிட்டு அடுத்த முறை பார் என்று அதற்கு எழுதியவள் அவளே.

என்ரரைத் தட்டினாள். அரைநிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு வரி மாறியது. கூடத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. இன்னொரு வரி. தூரங்கள் ஒரேயடியாகப் பெருகின. பெண்கள் கதிரைகளை விட்டு எழும்பினார்கள். இரண்டு மூன்றைத் தவிர மற்றப் படகுகள் எல்லாம் வெகுதூரத்தில், ஆனால் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தன. கிறகோரியின் வரிக்காகக் காத்திருக்க அவளால் முடியவில்லை. பழைய இங்கிலீசுப் புரோகிராமைத் திறந்து, பட்டியலில் இலக்கத்தைத் தேடித் தட்டினாள். பேணிக்குள் இருக்கும், ஒன்றும் இராது என்றுதான் நினைத்தாள்.

இருந்தது. பாலைதீவுக்குத் தெற்கே. காலையிலிருந்து ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் ஒரு புள்ளி. எல்லாம் ஒரே இடத்தில், ஒன்றன் மேல் ஒன்றாக.

யாகப்புவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பிள்ளை, அவன் தன்ரை இடத்திலை நிண்டு தொழில் பாக்கிறான். மற்றவங்கள் காத்துக்குப் பயந்து ஓடிவர, அவன் நண்டு அள்ளுறான். அவனை எனக்குத் தெரியாதே?"

கிறகோரிக்குப் போன் எடுத்தாள். அந்த இடத்தில் போன் வேலை செய்யாது என்பது அவளுக்குத் தெரிந்ததுதான்; எடுத்தாள். பெண்கள் அறை வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் இரண்டு மூன்று ஆண்களும். சொல்லப்படாது என்று அவன் கேட்டதும், ஓம் என்று தான் சொன்னதும் அவளுக்குக் காதில் கேட்டது. சொன்னால் கருவி போகும், சங்கத்தில் அவன் முகம் போகும். சொல்லாவிட்டால்?

"அண்ணை, அவர் அங்கை நிக்கேக்கை உந்தக் கருவியைப் பேணிக்குள்ளை போட்டு மூடுறவர். இடம் தெரியப்படாது எண்டு. ஒரு மாதமா அந்த இடத்திலை இருந்து ஒரு சத்தமும் வந்ததில்லை. இண்டைக்குக் காலமை முழுக்க வருது."

யாகப்பு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அவர்தான் வெளியிலை எடுத்து வைச்சிருக்கிறார். ஆராவது தன்னைப் பாக்கவேணும் எண்டு எடுத்து வைச்சிருக்கிறார்."

அவர் மறுபடி திரையைப் பார்க்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி, கூடத்தைக் கடந்து துறைக்குப் போனார். முதலில் வந்து கட்டிய இரண்டு படகுகளை மறித்தார். ஒன்று 'மடுமாதா'. சுபாஜினியின் புருசன் நனைந்த உடுப்போடு இறங்கிக்கொண்டிருந்தவன், விசயத்தைக் கேட்டதும் மறுபடி புறப்பட எண்ணெய்க் கானை ஏற்றச் சொன்னான். இடம் எது என்று கேட்டார்கள். ஜொய்சி எல்லாருக்கும் முன்னால், கல்லுத்திட்டியின் இடத்தை உள்ளபடி வாசித்தாள். அவன் இரண்டு வருசம் அலைந்து தேடியது.

படகுகள் புறப்பட்டன. துறையில் நின்றால் தாள் தெரியாது. அறையில் இருந்தால் கடல் தெரியாது. அவள் இரண்டுக்கும் இடையில் நடந்தாள். சுபாஜினியும் கூடவே நடந்தாள். என்ரர் தட்டாமல் போனதால்தான் தாள் நின்றது என்று யாரோ அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். அது உன் பிழை இல்லை என்று ஜொய்சி சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடி நடந்தாள். தாளில் மற்ற வரிகளெல்லாம் கரையை நோக்கிக் குறைந்துகொண்டிருக்க, இரண்டு வரிகள் மட்டும் கூடிக்கொண்டே போயின. 'அந்தோனியார் துணை' இப்போது அசையத் தொடங்கியிருந்தது. கரைப் பக்கம் அல்ல. தென்மேற்காக, வாடை தள்ளும் பக்கமாக. நங்கூரக் கயிறு அறுந்துவிட்டது என்று யாகப்பு மெல்லச் சொன்னார். ஜொய்சி அந்தப் புதிய இடத்தைப் போனில் சொல்லப் பார்த்தாள். போன படகுகளும் போன் எட்டாத இடத்துக்குப் போய்விட்டன. இனிக் கண்ணுக்குத் தட்டுப்பட வேண்டியதுதான்.

தாளில் இரண்டு வரிகள் திட்டிக்குப் போய், அங்கே நின்றன. பிறகு அவையும் தென்மேற்காகத் திரும்பின. சுபாஜினியின் புருசன் அறுந்த கயிற்றின் மிதவையைக் கண்டு, காற்றின் போக்கைப் பிடித்துப் போயிருக்கிறான் என்பது பிறகுதான் தெரியவந்தது. மூன்று வரிகளிலும் தூரம் ஏறக்குறைய ஒன்றாயிற்று. வெகுநேரம் அப்படியே இருந்தது. யாரோ செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். ஜொய்சிக்கு அந்தச் செபம் பாடமில்லை, உதடு மட்டும் அசைந்தது. அடுத்த முறை எண்கள் விழுந்தபோது மூன்றும் குறைந்திருந்தன. அதற்கடுத்த முறையும் மூன்றும் குறைந்திருந்தன.

கடலில் படகுகள் தெரிய முன்னமே அவர்களுக்கு அது தெரிந்துவிட்டது. ஜொய்சி கதிரை ஒன்றில் இருந்தாள். எழும்பவில்லை. கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். திட்டியில் வலை இழுக்கும்போது எஞ்சின் விசிறியில் வலை சுற்றி, அறுத்தெடுக்கப்போன நிருஷனின் கையில் வெட்டு விழுந்தது. எஞ்சின் பிறகு எழும்பவேயில்லை. நங்கூரத்தைப் போட்டுவிட்டு, கிறகோரி முதல் வேலையாகப் பேணியைத் திறந்து கருவியை எடுத்துக் கம்பின் உச்சியில் கட்டினான். பிறகு தண்ணீர் இறைத்தபடி இருவரும் காத்திருந்தார்கள்.

நிருஷனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டு கிறகோரியும் ஜொய்சியும் வீட்டுக்கு வந்தார்கள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு தலை துவட்டினான். இடத்தைச் சொன்னதற்குக் கோபமோ என்று அவள் நினைத்தாள். அவன் கேட்டது வேறு.

"தாள் நிண்டுபோச்சுது எண்டு யாகப்பு அண்ணை சொன்னவர். எப்ப தொடக்கம்?"

"நீங்கள் எடுத்துக் கட்ட முன்னமே நிண்டிட்டுது."

"நான் நினைச்சன், நீர் பாத்துக்கொண்டிருப்பீர் எண்டு. கட்டி முடிச்ச உடனை நிருஷனிட்டையும் சொன்னனான், இனிப் பயமில்லை, அவள் கண்டிருப்பாள் எண்டு."

"நான் கந்தோரிலை நிண்டனான்," என்றாள் அவள். அவன் துவாயை அவளிடம் நீட்டினான். அழுவதற்கு அதுதான் கிடைத்தது.

அந்தக் கிழமையே சங்கத்தில் கூட்டம் கூடியது. ரீவியைக் கழற்ற வேண்டும் என்று ஆண்கள் சிலர் எழும்பினார்கள். பேணி வைத்திருந்தவர்கள் தாங்களே அதை ஒத்துக்கொண்டார்கள்; அத்தனை பேர் இருந்தபடியால் ஒருவரிடமிருந்தும் கருவியைத் திருப்பி வாங்கவில்லை. கழற்றினால் நாங்கள் கட்டடத்தைப் பூட்டுவோம் என்று பெண்கள் பின்னாலிருந்து சொன்னார்கள். ஜொய்சி கையை உயர்த்தி, தனக்கு ஒரு கிழமை தாருங்கள் என்று கேட்டாள். எதை அனுப்புவது என்று மட்டுமே இதுவரை யோசித்தோம், எதை அனுப்பாமல் விடுவது என்று யோசிக்கவில்லை என்றாள்.

கிழமை முடியும்போது தாள் வேறு மாதிரி இருந்தது. ரீவியில் இடமும் இல்லை, தூரமும் இல்லை. படகின் பெயர், அதற்குப் பக்கத்தில் ஓடுது, நிக்குது, கேக்கேல்லை என்ற மூன்றில் ஒன்று, கடைசியாகச் சத்தம் கேட்டு எவ்வளவு நேரம் என்ற கணக்கு. இடமெல்லாம் வேறொரு தாளுக்குப் போனது. அதைத் திறக்கும் சொல் யாகப்புவிடம் மட்டும் இருந்தது. நாலைந்து முறை தொடர்ந்து தாள் வாங்க மறுத்தால், துறைவரை கேட்கும்படியாக மணி அடிக்கச் செய்தாள். பெயர் திருத்த விரும்புகிறவர்கள் அவளிடம் வந்து சொல்லவேண்டும் என்று ஒரு மட்டையில் எழுதி ஒட்டினாள். எல்லாரும் திருப்தி என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று பேர் இன்றைக்கும் பேணி வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். மணி இரண்டு தரம் காரணமில்லாமல் அடித்து எல்லாரையும் ஓடவைத்தது.

திட்டி இப்போது ஊர் முழுக்கத் தெரிந்த இடமாகிவிட்டது. படகுகள் நெருக்கியடித்து, தை முடிவதற்குள் அங்கே நண்டு இல்லாமற் போயிற்று. கிறகோரி அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சுபாஜினியின் புருசன் தனக்கு அந்தத் திட்டி வேண்டாம் என்று அந்தப் பக்கமே போகவில்லை.

அந்தக் காற்று நாளின் கதை உடுவிலுக்கும் போயிருக்கிறது. ஐரிஸ் போன் எடுத்து நீண்டநேரம் கதைத்தாள். வைக்கும் முன்னர், அப்பா கேட்கிறார், அந்த அன்ரெனா எவ்வளவு தூரம் பிடிக்குமாம் என்றாள். நோர்மன் நேரே வந்து கதைக்கவில்லை. அதுவே பெரிய விசயம் என்று ஜொய்சி எடுத்துக்கொண்டாள்.

ஆனால் அந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. எவ்வளவு தூரம் பிடிக்கும்? தொண்டு நிறுவனம் கொடுத்த கடதாசியில் ஒரு கணக்கு இருந்தது. அதை அவள் நம்பவில்லை. கிறகோரி புதிதாக ஓர் இடம் தேடத் தொடங்கியிருந்தான், இன்னும் தள்ளி. சித்திரையில் கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்த ஒரு நாள், தானும் வருகிறேன் என்று அவள் நின்றாள். படகில் பெண்கள் ஏறுவதில்லை என்று துறையில் யாரோ சொன்னார்கள். கேக்கேல்லை என்று தாள் காட்டுவது எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்று போய்ப் பார்க்க வேண்டும், வேறொன்றுக்கும் இல்லை என்றாள். கிறகோரி சிரித்துக்கொண்டு கை கொடுத்து ஏற்றினான்.

பாலைதீவு தாண்ட முன்னரே இருமுறை கடலுக்குள் குனிந்து சத்தி எடுத்தாள். ஒரு கையால் படகின் விளிம்பையும் மறுகையால் கருவியையும் பிடித்துக்கொண்டு, இப்ப எவ்வளவு தூரம், இப்ப எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஆடாமல் ஓரிடத்தில் இரும் என்று கிறகோரி பலதரம் சொல்லிப் பார்த்தான். திரும்பி வந்து யாகப்புவின் கணினியில் பார்த்தபோது, அவர்கள் போன தூரத்தில் பாதிக்குச் சற்று அப்பால் புள்ளிகள் நின்றுபோயிருந்தன. மற்றப் பாதியில் அவர்கள் இருந்ததாக ஓர் அடையாளமும் இல்லை.

ஜொய்சி உப்புக் காய்ந்த முகத்தைக்கூடக் கழுவவில்லை. வெளியே வந்து, கட்டடத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு கோவில் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்த்தாள். அன்ரெனாவை அதில் ஏற்றலாமோ என்று பங்குச் சுவாமியிடம் போய்க் கேட்பதற்கு, இப்போதே போவதா, குளித்துவிட்டுப் போவதா என்று கிறகோரியிடம் கேட்டுக்கொண்டே அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள்.